முயல் பிடித்த கைக்கு ஜும்பா

போன மாதம் ஒரு மருந்துப் பரிசோதனை ஆய்வகத்தில் பேசக் கூப்பிட்டார்கள். சத்தி ரோட்டில், ஊரைத் தாண்டி. பெயர் வேண்டாம்… என்னையும் நாலு பேர் பேசக் கூப்பிட வேண்டும் இல்லையா?

"ஸ்டாஃப் எல்லாம் கொஞ்சம் டல்லா இருக்காங்க சார். நீங்க வந்து சிரிக்க வெச்சுட்டுப் போயிருங்க" என்றார் ஹெச்.ஆர். அம்மணி. தலைப்பையும் அவரே வைத்துவிட்டார் — 'சிரித்தால் சரியாகிவிடும்'.

எந்த ஸ்டாஃப் என்று நான் கேட்கவில்லை. கேட்டைத் தாண்டிய பிறகுதான் சொன்னார். விலங்குக் கூடத்தில் வேலை செய்பவர்கள். எலி, சுண்டெலி, முயல். கூண்டைக் கழுவி, தீனி வைத்து, ஊசிக்குப் பிடித்துக் கொடுத்து, ஆராய்ச்சி முடிகிற அன்றைக்கு அவற்றின் கதையையும் முடித்து வைப்பவர்கள்.

எலி என்றதுமே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு சுண்டெலி தலைகாட்டினால் முதலில் கட்டில் மேல் ஏறுவது நான்தான். "அது போயி ரொம்ப நேரமாச்சுங்க, எறங்கறீங்களா?" என்று விளக்குமாற்றோடு நின்று கேட்பாள் என் மனைவி.

"கூட்டம் கேன்டீன்லதானுங்க சார். எலியெல்லாம் வேற பில்டிங்" என்றார் அம்மணி. இருந்தாலும் நான் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

எனக்கு முன்னால் ஜும்பா. ஒரு மாஸ்டர் பாட்டைப் போட்டுவிட்டு, யூனிஃபார்ம்காரர்களை ஆட வைத்துக்கொண்டிருந்தார். ஆடினார்கள். மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆடாமல் இருக்க முடியுமா? அப்புறம் ஆளுக்கொரு மஞ்சள் பந்து. மனசு பாரமாக இருந்தால் அதை அமுக்க வேண்டுமாம். அதற்கப்புறம் நான். நானும் ஒரு மஞ்சள் பந்துதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கைவசம் இருந்ததையெல்லாம் இறக்கினேன். மாமியார் ஜோக். பல் டாக்டர் ஜோக். ஒரு உதடு அசைய வேண்டுமே… ம்ஹூம். பதற்றம் வந்தால் நான் வழக்கமாகச் செய்கிற தப்பைச் செய்தேன் — "யாருக்காவது கேள்வி இருக்குங்களா?"

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். முயல் பிரிவு. வேலுச்சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதச் சொன்னவரும் அவர்தான், பெயரை மாற்றச் சொன்னவரும் அவர்தான்.

"ஏனுங்க சார், சிரிச்சா சரியாயிரும்னு போட்டிருக்குதுங்க. என்ற தங்கச்சி கொழந்தைக்கு அடுத்த மாசம் காது குத்து. நாந்தானுங்க தாய்மாமன். மடியில வெச்சுப் புடிச்சுக்கோணும். என்னால முடியாதுங்க. அதுக்கு எதாச்சும் சொல்லுங்க."

"ஏன் முடியாது?"

"எங்க வேலையில ஒரு வழக்கம் இருக்குதுங்க. தீனி போட்ட கைதான் கடைசி நாளும் புடிக்கோணும். வேத்தாளு தொட்டா முயலு மெரண்டு போகும். என்ற கைன்னா நம்பி உக்காந்துக்கும். ஊசி போட்டா அப்படியே தூங்கிப் போயிரும்… அப்புறம் எந்திரிக்காதுங்க. இந்தக் கொழந்தையும் என்ற மடிக்கு வந்தா அதே மாதிரி நம்பி உக்காந்துக்குதுங்க. பயந்து போயி, ஒடனே தங்கச்சி கையில குடுத்துப்போடறேன். மாமனுக்குப் புள்ள மேல ஆசையில்லைன்னு அவ அழுவறா."

கால்நடை டாக்டர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். "மிருகத்துக்கு அதுதாங்க நல்லது. பயமில்லாம போகும்" என்றார் மெதுவாக. மிருகத்துக்குச் சரி. அந்தக் கைக்கு?

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "பாசிட்டிவா திங்க் பண்ணுங்க" என்றேன். அவர் "சரிங்க" என்று மரியாதையாக உட்கார்ந்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு வந்து சேர்ந்திருப்பேன்.

வந்ததும் பானுவுக்குப் போன் போட்டேன். கோட்டைமேட்டுக்காரி, என் கல்லூரித் தோழி, மனநல ஆலோசகர்.

"அவங்ககிட்டப் போயி மாமியார் ஜோக் சொன்னியா?"

"பல் டாக்டர் ஜோக்கும்…"

"உன்னையெல்லாம் மைக் பக்கம் விடறாங்க பாரு. ஏப்பா, நர்ஸுக்கு வரும், ஆம்புலன்ஸ்காரங்களுக்கு வரும், இவங்களுக்கும் வரும். அக்கறையா பாத்துப் பாத்தே மனசு ஓஞ்சு போறது. அது வேலையில பட்ட காயம். கை அறுந்தா தையல் போட டாக்டரக் கூப்பிடுவாங்களா, டான்ஸ் மாஸ்டரக் கூப்பிடுவாங்களா?"

பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் வேண்டும். வேலை நேரத்திலேயே பேச வேண்டும். மேனேஜர் பக்கத்தில் இருக்கக் கூடாது. முடித்து வைத்த மறுநாளே அதே ஆளைக் காலிக் கூண்டு கழுவ விடக் கூடாது. இவ்வளவுதான் பானு கேட்டது. ராக்கெட் விடச் சொல்லவில்லை.

நம்மைச் சொல்லுங்கள். பூனைக்குட்டி ரீல்ஸ் பார்த்து உருகுவோம். தலை வலித்தால் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவோம். அந்த மருந்து முதலில் யார் உடம்புக்குள் போனது, அதை யார் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிப்போமா? யோசித்தாலும் பாதிப் பேர் அவரைக் கொலைகாரன் என்போம். மீதிப் பேர், "எலிக்குப் போயி அழுவியா?" என்போம். அப்புறம் அந்த மனிதர் யாரிடம்தான் வாயைத் திறப்பார்?

அம்மணிக்குப் போன் செய்து பானு சொன்னதை ஒப்பித்தேன்.

"இந்த வருஷத்து வெல்னஸ் ப்ரோக்ராம் முடிஞ்சுதுங்களே சார்."

"எப்பங்க?"

"நீங்கதானுங்க அது."

நல்லவேளை, நான் உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் இதையெல்லாம் என் பத்திரிகைப் பத்தியில் எழுதிவிடுகிறேன் என்றேன். ஜோக் சொன்னபோது அசையாத ஆய்வகம் அதற்கு அசைந்தது. கால்நடை டாக்டரும் மேலிடத்தில் மல்லுக்கு நின்றிருக்கிறார். பானுவுக்கு ஒரு ரூம் கிடைத்தது. பழைய கூண்டுகள் அடுக்கிய ஸ்டோர் ரூம். "கதவு சாத்துதா? அது போதும்" என்றாள் பானு. முதலில் போனவர் வேலுச்சாமி. உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "ஒனக்கெதுக்கு?" என்றாள்.

போன ஞாயிறு சென்னிமலை அடிவாரத்தில் காது குத்து. தாய்மாமனே கூப்பிட்டிருந்தார், நானும் போயிருந்தேன். வேலுச்சாமி பட்டு வேட்டியில், முகமெல்லாம் வேர்வையாக உட்கார்ந்திருந்தார். தங்கை குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அது நம்பி உட்கார்ந்துகொண்டது. இந்தத் தடவை அவர் கையை எடுக்கவில்லை. ஆசாரி ஊசியை வைத்தார். மண்டபமே அதிர வீறிட்டது குழந்தை. அழுது ஓய்ந்து, அவர் மடியிலேயே தூங்கிவிட்டது.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். "கொழந்தைய எங்கிட்டக் குடுத்துட்டுச் சாப்பிடப் போண்ணா" என்று தங்கை கை நீட்டினாள்.

"இருக்கட்டும் கண்ணு. முழிக்கட்டும். முழிச்சதக் கண்ணுல பாத்துட்டு வாரேன்."

நானும் பந்திக்குப் போகவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அந்தக் குழந்தையின் இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன்… இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.