கறுப்புக்கொடி யாருக்கு

முத்தமிழுக்கு உட்கார நேரமில்லை என்பது மேலக்குடிக்காட்டில் எல்லோருக்கும் தெரியும். காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, அது நிரம்புவதற்குள் பல் துலக்கி முடித்துவிடுவாள். செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே வேதியியல் சமன்பாடுகளை முணுமுணுப்பாள். பக்கத்தில் நிற்பவர்கள், பெண்ணுக்கு ஏதோ அருள் வந்துவிட்டது என்று கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். அரசுக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. கல்லூரி விட்டால் நேரே 'ஊர்க்கண்' டிவி ஆபீஸ். வீட்டுக்குத் திரும்பிய பிறகு ரெக்கார்டு நோட்டில் படம் வரைவாள். பாதிப் படத்திலேயே கண் சொருகிவிடும். "எம் பொண்ணு ஒரு நாளைக்குள்ள ரெண்டு நாள் வாழுது" என்று அவள் அப்பா கொளஞ்சியப்பன் டீக்கடையில் சொல்லிக்கொள்வார். அவருக்கு இருந்த ஒரே பெருமை அது. அதையாவது விட்டுவைத்திருக்கலாம்.

ஊர்க்கண் டிவி என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இரண்டு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கேமரா. கல்லங்குறிச்சித் தேர், காதுகுத்து, விபத்து, கடை திறப்பு எல்லாம் உள்ளூர்க் கேபிளிலும் யூடியூபிலும் வரும். நடத்துபவர் அரங்கநாதன். முத்தமிழ் அங்கே கேமரா பிடிப்பாள், எடுத்ததை வெட்டி ஒட்டுவாள், வாசிக்க ஆள் வராவிட்டால் தலைவாரிக்கொண்டு செய்தியும் வாசிப்பாள். ஆனால் திரையில் 'ஊர்க்கண் செய்திக்குழு' என்றுதான் வரும். ஒரே ஒரு தடவை தன் பேரைப் போடச் சொல்லி அரங்கநாதனிடம் கேட்டிருக்கிறாள். "போடலாம் போடலாம், பெரிய செய்தியா ஒண்ணு கொண்டாம்மா" என்றார் அவர்.

அந்த வருஷம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. கீழே இருந்த மண்டபத்தின் சொந்தக்காரரே ஒரு கட்சியின் வேட்பாளர். எதிரே நின்றவர் ஒரு வக்கீல். மாடியில் இருப்பவர்கள் யார் பக்கம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அரங்கநாதன் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

"நாம நடுநிலைதாம்மா. நடுவுலதான் நிப்போம். எந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு நிக்கிறோங்கிறதுதான் தொழிலு" என்பார்.

அந்தத் தொழிலை முத்தமிழ் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். மண்டபத்துக்காரர் கூட்டமென்றால் தரையோடு குனிந்து தலைகளுக்கு நடுவிலிருந்து எடுக்க வேண்டும். நூறு பேர் ஆயிரம் பேராகத் தெரிவார்கள். வக்கீல் கூட்டமென்றால் ஆள் சேருவதற்கு முன்னாலேயே போய்க் காலி நாற்காலிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். அவளுக்கு அது தப்பாகவே படவில்லை. பத்தொன்பது, இருபது வயதில் கைவேலை படிந்து வருகிற சந்தோஷம் பெரிசு, அது யாருக்கு வேலை செய்கிறது என்று பார்க்கத் தோன்றாது. அரங்கநாதன் பாராட்டும்போது அவளுக்குப் பஸ் நெரிசல்கூட மறந்துபோகும்.

மேலக்குடிக்காட்டுக்கு வேறு கவலை. ஊருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் சுரங்கம். அங்கிருந்து கல் ஏற்றிய லாரிகள் ஊர்த்தெரு வழியாகத்தான் போகும். காயப்போட்ட துணி வெள்ளையாகும், சோற்றில் நறநறவென்று பல்லில் படும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்ட ஊர்தான். போன மழைக்காலத்தில், பள்ளிக்கூடம் போன பூவிழியைச் சைக்கிளோடு ஒரு லாரி நசுக்கிவிட்டுப் போய்விட்டது. பூவிழி, இருசம்மாளின் ஒரே மகள். முத்தமிழ் வீட்டுக்கு அடுத்த வீடு, இருசம்மாளை அவள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். முத்தமிழின் பழைய பாவாடை தாவணியைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்த பிள்ளை பூவிழி.

லாரிக்கு வேறு வழி போடச் சொல்லி மனு கொடுத்துக் கொடுத்து ஊர் ஓய்ந்துவிட்டது. தேர்தல் வந்ததும் ஊர் கூடி ஒரே முடிவு எடுத்தது: ஓட்டுப்போடுவதில்லை, வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி. ஐயப்பன் மலைக்குப் போய்வந்தவர்களின் கறுப்பு வேட்டிகளெல்லாம் அன்றைக்குக் கிழிபட்டன. எந்தக் கட்சிக்காரன் வந்தாலும் திட்டக்கூடாது, மறிக்கக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கட்சிக்கும் ஆட்கள் இருந்த ஊர் அது. பூவிழிக்காக இரண்டு பேரும் ஒரே வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள். சேதி எட்டியதும் தாசில்தாரே நாளை மறுநாள் பேச வருவதாகச் சொல்லியனுப்பினார்.

அந்த நேரத்தில்தான் ஊர் ஒரு காரியம் செய்தது. பெரம்பலூரிலிருந்து பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் வண்டியில் வந்து இறங்கினார்கள். கொளஞ்சியப்பன்தான் முன்னால் போனார்.

"நீங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு போடுவீங்க சார். எங்க புள்ளயே டிவியில இருக்கு. அது எடுத்துக்கும். நீங்க போயிட்டு வாங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். ஊரும் தலையாட்டியது. அந்நியன் எடுத்தால்தானே திரிப்பான், நம்ம வீட்டுப் பெண் எடுத்தால் எப்படித் திரியும் என்று நினைத்த ஊர்.

முத்தமிழ் கேமராவோடு வந்தாள். தெருவையும் கொடிகளையும் எடுத்தாள். இருசம்மாளை வாசலில் நிற்கவைத்தாள். மகள் போனதிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், கேமராவைப் பார்க்காமல் முத்தமிழின் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எங்களுக்கு எந்தக் கட்சியும் வேணாம், எந்தச் சின்னமும் வேணாம். லாரிக்கு வேற வழி போட்டுக் குடுங்க, போதும். எம் புள்ள ஓரமாத்தான் போனா. ஓரத்துலயும் அவளுக்கு எடமில்லன்னா எங்கதாங்க போவா? இன்னொருத்தர் வூட்டுப் புள்ளைக்கு இது வேணாம்."

அதற்குமேல் முடியாமல் அழுதாள். அந்த நேரம் பார்த்து வக்கீலின் பிரசார வேன் தெருவுக்குள் நுழைந்தது. பேசிவைத்தபடி எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். வக்கீல் இறங்கி மூடிய கதவுகளைப் பார்த்துக் கும்பிட்டார். அழுதுகொண்டு நின்ற இருசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். மண்டபத்துக்காரர் வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஆனால் அவர் விவரம் தெரிந்தவர், அந்தப் பக்கமே வரவில்லை. முத்தமிழ் தொழில் பழக்கத்தில் அதையும் எடுத்துவைத்தாள்.

மறுநாள் அவளுக்குச் செய்முறைத் தேர்வு. எடுத்ததை எப்போதும் அவளே வெட்டி ஒட்டுவாள். அன்றைக்கு மட்டும் மெமரி கார்டை அரங்கநாதன் கையில் கொடுத்தாள்.

"சார், நாளைக்குப் பிராக்டிகல். முடிச்சுட்டு வந்து நானே பண்ணிடறேன். அதுவரைக்கும் யாரும் தொட வேணாம் சார்."

"நீ போயி நல்லா பண்ணும்மா. இது எங்க ஓடிப்போவுது?" என்றார் அவர், ரொம்ப அன்பாக.

தேர்வுக்கூடத்தில் அவளுக்கு எல்லாம் கச்சிதமாக வந்தது. பியூரெட் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் இளஞ்சிவப்பு தட்டியவுடன் நிறுத்தினாள். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். வெளியே வந்தபோது வகுப்புத் தோழி சத்யா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏய், உம் பேரு வந்துருக்குடி! எவ்ளோ பேரு பாத்துருக்காங்க பாரு!"

முத்தமிழ் பார்த்தாள். 'வக்கீலுக்குக் கறுப்புக்கொடி! கதவைச் சாத்தி விரட்டிய கிராமம்!' என்று சிவப்பில் பெரிய எழுத்து. கொடிகள், வேன், மூடும் கதவுகள். அப்புறம் இருசம்மாளின் முகம், மெதுவாக ஓடும்படி இழுத்துவிடப்பட்டு. அவள் வாய் அசைகிறது, சத்தமில்லை. மேலே சோக இசை. 'வேட்பாளரைக் கண்டதும் ஆத்திரம் தாங்காமல் கதறிய தாய்' என்கிறது வாசிப்பவரின் குரல். லாரி இல்லை. சுரங்கம் இல்லை. பூவிழி இல்லை. கீழே, அவள் ஆசைப்பட்ட இடத்தில், கொட்டை எழுத்தில்: 'செய்தி: முத்தமிழ்.'

ஆய்வுக்கூடத்து மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆபீஸுக்கு ஓடினாள்.

"ஏன் சார் இப்புடிப் பண்ணுனீங்க? ஊரே நம்பிக் குடுத்துச்சு சார்."

அரங்கநாதன் கோபப்படவில்லை. "பொய்யா எதாவது காட்டியிருக்கமாம்மா? கொடி இருந்துச்சா, இருந்துச்சு. கதவைச் சாத்துனாங்களா, சாத்துனாங்க. அந்தம்மா அழுவுச்சா, அழுவுச்சு. எல்லாம் நீ எடுத்ததுதானே?"

"பெரியம்மா பேசுனது எங்க சார்?"

"அது நீளமா போவுதும்மா. எவன் பாப்பான்?"

"அப்ப கார்டைக் குடுங்க. நானாவது வச்சுக்கறேன்."

"கார்டா? சாயந்தரம் ஜெயங்கொண்டம் கூட்டத்துக்கு எடுத்துக்கிட்டுப் போவணும்னு அதை அப்பவே அழிச்சாச்சே. இருக்குறதே ரெண்டு கார்டு" என்றார். ஏதோ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

வக்கீல் கூட்டத்துக் காலி நாற்காலிகளும் இருந்தவைதானே, அவள் எடுத்தவைதானே. இத்தனை நாளும் அடுத்தவர் கூட்டத்துக்கு அவள் செய்ததை இன்றைக்கு அவள் ஊருக்குச் செய்துவிட்டார்கள். படியிறங்கும்போது தன்னையே வெறுத்தாள்.

பஸ் ஊரை அடைவதற்குள் வீடியோ அடைந்துவிட்டது. வக்கீல் கட்சிக்காரர்கள், "எங்காளுக்கு மட்டும் கறுப்புக்கொடியா? அதுக்குத்தான் எங்களக் கட்டச் சொன்னீங்களா?" என்று கொடிகளைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார்கள். மண்டபத்துக்காரர் கட்சிக்காரர்களுக்கு மட்டும் என்ன கசக்கவா செய்யும்? "ஆமாய்யா, அப்புடித்தான்" என்று கறுப்புக்கொடிக்குப் பக்கத்திலேயே தங்கள் கட்சிக் கொடியைக் கட்டினார்கள். ஒரே வேட்டியைக் கிழித்தவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் கொளஞ்சியப்பன் இரண்டு பக்கமும் கும்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை.

மகளைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"அது நீ எடுத்ததுதானேம்மா?"

"நான் எடுத்ததுதாம்ப்பா. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குமேல் அவர் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். மறுநாள் காலை டீக்கடைக்குப் போகவில்லை. அதற்கப்புறமும் ரொம்ப நாள் போகவில்லை.

தாசில்தாரும் வரவில்லை. கட்சித் தகராறில் ஆபீஸ் தலையிட முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார். முத்தமிழ் எப்படியோ நம்பர் தேடிப் பிடித்து, திருப்பி அனுப்பிய பெரம்பலூர் பத்திரிகைக்காரருக்குப் போன் செய்தாள்.

"நாங்கதான் அன்னைக்கே வந்தமேம்மா. அது பழைய செய்தி ஆயிடுச்சு. இப்ப ரஞ்சன்குடி பக்கம் தலைவர் வர்றாரு, அங்க இருக்கோம்" என்று வைத்துவிட்டார். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

ஓட்டுப்பதிவு அன்று மேலக்குடிக்காடு முழுசும் வரிசையில் நின்றது. போடாவிட்டால் எதிர்க்கட்சி ஜெயித்துவிடுமே என்று இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு ஆளைக் கூட்டிவந்தார்கள். 'ஜனநாயகக் கடமையாற்றிய கிராமம்' என்று ஊர்க்கண் டிவி அதையும் காட்டியது. யார் ஜெயித்தார் என்பது இங்கே தேவையில்லை, லாரி நிற்கவில்லை. ஜெயித்தவருக்கு வெடி வெடித்த அன்றும் தெருவில் வெடிப்புகையோடு சுண்ணாம்புத் தூசியும் சேர்ந்தே பறந்தது.

முத்தமிழ் ஊர்க்கண் ஆபீஸ் மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். மற்றபடி அவள் நாள் மாறவில்லை. குடம், பஸ், எழுத்துத் தேர்வு. ஆனால் இப்போதெல்லாம் உட்கார நேரமிருந்தது, உட்காரத்தான் பயமாக இருந்தது. அடுத்த வீட்டு வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டே போவாள். பெரியம்மா திட்டித் தீர்த்துவிட்டால்கூடத் தேவலை என்று ஏங்கினாள். இருசம்மாள் திட்டவில்லை.

கடைசித் தேர்வு முடிந்த மத்தியானம், மனதைத் திடப்படுத்திக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனாள். இருசம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அன்னைக்கு நீங்க பேசுனதை அழிச்சுட்டாங்க. எங்கிட்ட இல்ல. இப்ப நான் யாருக்கும் வேலை பாக்கல. எம் போன்லயே எடுக்கறேன். அன்னைக்குச் சொன்னதையே சொல்லுங்க. நானே முழுசா போடறேன். ஒரு வார்த்தை வெட்ட மாட்டேன்."

இருசம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரோரம் போய் நேராக நின்றாள். முத்தமிழ் போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் அந்த முகம் சரியாக வந்தது. அதில் கோபம் துளியும் இல்லை. கேலி இல்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் இருசம்மாள்.

"இது எந்தக் கட்சிக்கு பாப்பா? சொல்லு, அதுக்குத் தக்கன பேசறேன்."