தேயிலைப் பங்குப் பக்கத்துச் சண்டை

இரண்டாயிரங்களின் கடைசி ஆண்டுகளில், பங்கு வாங்கி விற்கும் தமிழர்களுக்கான இணையக் குழுமம் ஒன்றில் நான் மட்டுறுத்துநராக இருந்தேன். பகலில் பண்டாரவளையில் வணிகப் பாட ஆசிரியர் வேலை, மாலையில் இது. குழுமத்தை நடத்தியவர் கொழும்பில் இருந்தார். நான் யாருடனும் வாக்குவாதம் செய்ததே இல்லை என்பதால் என்னைப் பிடித்துப் போட்டதாகச் சொன்னார். விதி ஒன்றுதான்: அரசியல் எழுதினால் அழித்துவிட வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் சம்பளப் பேச்சுவார்த்தை தொடங்கும்வரை அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

தேயிலைக் கம்பெனிப் பங்குகளுக்கான பக்கத்தில் இருவர் மோதிக்கொண்டார்கள். ஒருவர் பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர். மற்றவர் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகத்தர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். சம்பளம் கூடினால் கம்பெனிக்கு லாபம் குறையும், இப்போதே விற்றுவிடுங்கள் என்று கச்சேரிக்காரர் எழுதினார். இப்போதைய சம்பளத்தில் ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு விற்கட்டும், சம்பளம் கூடியே தீரும் என்று பூனாகலைக்காரர் எழுதினார். இரண்டையும் அழித்தேன்.

முதலில் கச்சேரிக்காரர், பிறகு பூனாகலைக்காரர் என்று இருவரும் என்னைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்கள்.

“தம்பி, நான் எங்க அரசியல் கதைச்சனான்? லாபம் குறையும் எண்டது கணக்கு.”

“நா சொன்னதும் கணக்குதாங்க சேர். அரிசிக் கணக்கு.”

என் அம்மா கொஸ்லந்தையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தவர். அந்தத் தோட்டத்துக் கம்பெனியின் பங்கும் என்னிடம் கொஞ்சம் இருந்தது. சம்பளம் கூட வேண்டும், பங்கும் விழக் கூடாது என்று விரும்பிக்கொண்டிருந்தேன். அதை எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் விதிப்படி நானே அழிக்க வேண்டியிருக்கும்.

அவர்கள் வங்கிப் பங்குப் பக்கத்தில் சண்டையைத் தொடர்ந்தார்கள். அங்கேயும் அழித்தபோது ஹோட்டல் பங்குகளுக்குப் போனார்கள். கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் பண்டாரவளையில் ஒரு தேநீர்க்கடைக்கு வரச் சொன்னேன். கைகலப்பானால் பிரித்துவிட வசதியாக நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

பூனாகலைக்காரர் காலைத் தாங்கித் தாங்கி வந்தார்.

“என்ன, முழங்கால் நோவோ?” என்றார் கச்சேரிக்காரர்.

“ஆமாங்க சேர். மழ வந்தா ரொம்ப வலிக்குது.”

“எனக்கும் உதுதான். நீங்கள் என்ன எண்ணெய் பூசுறியள்?”

தேநீர் ஆறும்வரை முழங்காலைப் பற்றியே பேசினார்கள். பிரியும்போது தொலைபேசி எண்களை வாங்கிக்கொண்டார்கள்.

குழுமம் அமைதியானது. என் திறமை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது.

“ஆளே வர்றதில்லையே. எல்லாரும் அந்தச் சண்டையப் பார்க்கத்தான் வந்திருக்காங்க. அந்த ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிடுங்க.”

கச்சேரிக்காரரை அழைத்தேன், லைன் பிஸி. பூனாகலைக்காரரும் பிஸி. வெகுநேரம் கழித்துத்தான் பூனாகலைக்காரர் கிடைத்தார்.

“கச்சேரி சேரோடதாங்க பேசிக்கிட்டு இருந்தேன். சம்பள விஷயம். இன்னும் முடியல.”

“அதைக் குழுமத்துல எழுதலாமே?”

“அங்க நீங்க அழிச்சிருவீங்களே, சேர்.”

அந்த முறை சம்பளம் கொஞ்சம் கூடியது. பங்கு கொஞ்சம் விழுந்தது. தாங்கள் சொன்னபடியே நடந்துவிட்டது என்று இருவரும் தனித்தனியே என்னை அழைத்துச் சொன்னார்கள்.