சூட்டுப் பால்

பட்டினப்பாக்கத்துப் பெண்களில் பாதிப் பேருடைய அளவு என் நோட்டில் இருக்கிறது. யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள், யார் உண்டாகியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவரவர் புருஷனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நான், ஒரு கைக்குழந்தை உருகிக்கொண்டே வந்ததை ஏழு வாரம் கவனிக்கவில்லை. போதாக்குறைக்கு அதற்கு நானே ஒரு காரணமாகவும் இருந்தேன். இதை எழுதும்போதுகூட என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என் பெயர் ஷகீலா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தேன். வாசலுக்கு எதிரே மீன் வரிசை. அந்த வரிசையில் மூன்றாவது பலகை ரோஸியுடையது. கோவளத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். பஸ் ஹாரனையே அமுக்கிவிடும் குரல். யாராவது செவுளைப் பிரித்துப் பார்த்து மூக்கைச் சுளித்தால், "பழைய மீனக் குடுக்க நான் இன்னா உன் மாமியாரா?" என்று கேட்பாள். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

அவளுடைய சொந்த மாமியார் சவரியம்மா முப்பது வருஷம் அதே பலகையில் உட்கார்ந்திருந்தவர். முட்டி போனதும் இடத்தை மருமகளிடம் விட்டார். அந்த வரிசையில் பட்டாவும் கிடையாது, சீட்டும் கிடையாது. உட்கார்ந்திருக்கும் வரைதான் இடம். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் வேறு யாராவது கூடையை இறக்கிவிடுவார்கள். அதனால்தான் தொண்ணூற்றைந்து ஜனவரிக் கடைசியில் ஜெனிட்டா பிறந்தபோது, இருபத்தைந்தாம் நாளே ரோஸி பலகைக்குத் திரும்பி வந்துவிட்டாள். வயிற்றில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். புருஷன் பிரபாகர் கடலுக்குப் போகிறவன். குழந்தை பகலில் பசும்பாலைக் குடித்துக்கொண்டு வீட்டில் மாமியாரிடம் இருந்தது.

"கொயந்தய இங்க எட்டாந்து வெச்சுக்கயேன்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"அய்ய, வேணாம்க்கா. வெயிலு, ஈ, போற வர்றவங்க கண்ணு. எங்க அத்த கொன்னே போட்ரும்."

பகல் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் அவள் என் கடைக்கு ஓடி வருவாள். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன மறைப்பும் அதை ஒட்டி ஒரு முருங்கை மரமும் உண்டு. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் வருவாள். நான் ஒரு டம்ளரை எடுத்துக் கொடுப்பேன். பாலைப் பீச்சி டம்ளரில் பிடித்து, யார் காலிலும் மிதிபடாமல் மரத்தடியில் ஊற்றிவிட்டுப் போவாள். சில நாள் டம்ளர் நிரம்பி வழியும்.

"வூட்டுக்குப் போயி கொயந்தைக்கே குடேன்டி" என்றேன் முதல் தடவை.

"இது சூட்டுப் பால்க்கா. வெயில்ல குந்திக்கினு கீறேன்ல. பால் காஞ்சிப் பூடும். குடுத்தா வாந்தி பேதி ஆவும். அத்த சொல்லிச்சு, பீச்சி வுட்டுட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு, பொயுது சாஞ்சப்புறம்தான் குடுக்கணுமாம்."

சரிதான் என்று நான் டம்ளரை நீட்டினேன். ஏனென்றால் என் அம்மாவும் எனக்கு இதையேதான் சொன்னார். வெளியே போய் வந்தவள் முதல் பாலைப் பீச்சிவிட வேண்டும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். நானும் பீச்சியிருக்கிறேன். அதில் என்ன தப்பு இருக்கப் போகிறது என்று நினைத்தேன். அது மட்டுமா, அவள் ஜாக்கெட் நனைவது வெளியே தெரியக்கூடாது என்று முன்பக்கம் இரட்டைத் துணி வைத்து இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். ரொம்ப கெட்டிக்காரத்தனம் செய்ததாக எனக்குப் பெருமை வேறு.

மார்ச் மாதக் கடைசியில் ரோஸி அழுதுகொண்டு வந்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் போட்டால் அது இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுகிறதாம். பால் பத்தவில்லை என்று மாமியார் சொல்லிவிட்டாராம். பகலெல்லாம் என் மரத்துக்கு ஊற்றிவிட்டுப் போனவளுக்கு ராத்திரி எப்படிப் பத்தும்? இந்தக் கணக்கு அன்றைக்கு எனக்கும் ஏறவில்லை, அவளுக்கும் ஏறவில்லை.

என் நாத்தனார் அன்வரி பேகம் தி.நகரில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆயாவாக இருந்தாள். பெட்டி பெட்டியாக வரும் பால் பவுடர் டின்னில் நசுங்கியது ஒன்றிரண்டு அவளுக்குக் கிடைக்கும். அதில் ஒன்றை வாங்கி வந்து ரோஸியிடம் கொடுத்தேன். மேலே கொழுக்கட்டை மாதிரி ஒரு குழந்தைப் படம். ரோஸிக்கு முகமெல்லாம் பூரிப்பு. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் குடிக்கிற பால் தன் பெண்ணுக்கும் கிடைத்துவிட்டது என்று வரிசை முழுக்கக் காட்டினாள். டின்மேல் எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ். அவள் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"சீக்கிரம் தீந்துடும்டி. பாத்துப் போடு" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரமே ஞானஸ்நானத்துக்கு வெள்ளைக் கவுன் தைக்கக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். மார்புச் சுற்றளவு பதினைந்து அங்குலம். வளர்கிற பிள்ளையாயிற்றே என்று ஒரு அங்குலம் தாராளமாக வைத்துத் தைத்தேன். ஈஸ்டர் முடிந்ததும் வைப்பதாக இருந்த சடங்கு, ஞானத்தகப்பன் தூத்துக்குடியிலிருந்து வர நாளானதால் மே நடுவுக்குத் தள்ளிப்போனது. இடையில் நான் குழந்தையைப் பார்க்கவில்லை. ரோஸி தினமும் மறைப்புக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். குழந்தை ரப்பர் காம்பில் பழகி மார்பைத் தள்ளுகிறது, இனிமேல் ராத்திரியும் புட்டிதான் என்றாள். இன்னொரு டின்னும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

மே மாதம், கத்திரி வெயில். கவுனைப் போட்டுப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாட்டியதும் கவுன் தோளிலிருந்து வழுக்கி இடுப்புக்கு வந்தது. அடக் கடவுளே, அளவைத் தப்பாக எழுதிவிட்டோமா என்றுதான் முதலில் நினைத்தேன். டேப்பை எடுத்துச் சுற்றினேன். பதினாலே கால். இன்னொரு தடவை சுற்றினேன். பதினாலே கால்தான். நோட்டைப் புரட்டினேன். பதினைந்து என்று என் கையெழுத்தே என்னைப் பார்த்து முறைத்தது.

இருபது வருஷத் தையலில் வளராத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். சுருங்கிய பிள்ளையைப் பார்த்ததில்லை. அப்புறம்தான் கண்ணைத் திறந்து பார்த்தேன். தொடைச் சதை கிழவியின் கைபோலத் தொங்கியது. கண் உள்ளே போயிருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் அது என் டேப்பின் நுனியை வாயில் வைத்துச் சப்பியது.

"மூணு நாளா பேதிக்கா. பல்லு மொளைக்கிதுன்னு அத்த சொல்லிச்சு" என்றாள் ரோஸி.

"மூணரை மாசத்துல இன்னாடி பல்லு? எந்திரி!"

கவுனோடு குழந்தையைத் துணியில் சுற்றி, ஆட்டோவைப் பிடித்து, எழும்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கினோம். வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா சின்னப் பெண். குழந்தையை எடை பார்த்தாள், ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினாள். பிறகு எங்களிடம் திரும்பினாள்.

"என்ன பால் குடுக்கறீங்க?"

"டின் பால் டாக்டர். நல்ல பால்" என்றாள் ரோஸி.

"ஒரு புட்டிக்கு எத்தனை ஸ்பூன்?"

"ஒண்ணு. ஏயு வாரமா ஒண்ணுதான் போடறேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "வெறும் தண்ணியைக் குடுத்திருக்கீங்க. ஏழு வாரமாவா?"

பாத்துப் போடு என்று சொன்னவள் நான்தான்.

"தாய்ப்பால் ஏன் குடுக்கலை?"

"பால் பத்தல டாக்டர்."

அப்போது பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை வீறிட்டது. பகல் இரண்டு மணி. ரோஸியின் ஜாக்கெட், நான் இரட்டைத் துணி வைத்துத் தைத்த அதே ஜாக்கெட், எல்லோரும் பார்க்க நனைந்து, புடவையும் நனைந்து, சொட்ட ஆரம்பித்தது. டாக்டரம்மா அதையே பார்த்தாள்.

"இது என்னம்மா?"

"அது சூட்டுப் பால். தெனம் பீச்சிடுவேன். அக்கா கடையில."

"எவ்வளவு வரும்?"

ரோஸி என்னைப் பார்த்தாள். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "ரெண்டு வேளையும் சேத்து ரெண்டு டம்ளர் இருக்கும் டாக்டர்."

டாக்டரம்மா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ரோஸியின் எதிரே உட்கார்ந்தாள். "வெயில்ல நின்னா உன் ரத்தம் கொதிக்குதா? பாலும் அப்படித்தான். மாருல இருக்கறவரைக்கும் காயாது, திரியாது, கெடாது. பேதி வராம தடுக்கறதுக்கே அதுல மருந்து இருக்கு. எந்த டின்னுலயும் அது கிடையாது. நீ கொட்டினதைக் குடுத்திருந்தாலே போதும், இந்தப் பொண்ணு நல்லா வளர்ந்திருப்பா."

ரோஸி அழவில்லை. தன் மார்பைக் குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மரத்துக்கு ஊத்தினோமேக்கா" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

அன்றைக்கே பாலைக் கிண்ணத்தில் பீச்சிப் பாலாடைச் சங்கால் புகட்டச் சொன்னார்கள். குழந்தை பிழைக்குமா என்று கேட்டதற்கு, ரெண்டு நாள் போகட்டும் என்றார்கள்.

சாயங்காலம் நான் தனியாகத் திரும்பினேன். ரோஸியின் பலகையில் சவரியம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், இடம் போகக்கூடாது என்று. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. என் மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அவர்மேல் கொட்டினேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.

"சூட்டுப் பாலாம், சூட்டுப் பாலு! அப்பிடி ஒண்ணே கெடையாதாம். டாக்டர் சொல்லிடுச்சு. நல்ல பாலக் கொட்டிட்டு கொயந்தயப் பட்டினி போட்டுக் கீறோம்!"

அவர் சண்டைக்கு வருவார் என்று முந்தானையைக்கூட இடுப்பில் சொருகிவிட்டேன். அவர் வரவில்லை. சங்கரா மீனின் மேல் இருந்த கையை எடுக்காமலே கேட்டார்.

"எல்லா புள்ளைக்கும் அப்பிடித்தானா?"

"எல்லா புள்ளைக்குந்தான்! இன்னா, உங்க வூட்டுப் புள்ளைக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று வெட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இதை ரோஸியிடம் சொன்னேன், கொஞ்சம் வீராப்பாகவே சொன்னேன். அவள் பாலாடையைக் கீழே வைத்தாள்.

"அப்பிடியாக்கா சொன்ன? எங்க அத்தைக்கு ஏயு புள்ள பொறந்துது. நாலு தங்கல. எல்லாமே நாலு மாசம், அஞ்சு மாசத்துல. அப்பவும் அது அந்தப் பலகையிலதான் குந்திக்கினு இருந்துச்சு."

அந்த நாலும் எதனால் போயின என்று யாரால் சொல்ல முடியும்? அம்மையாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம். ஆனால் அவர் கேட்டது அதைத்தான். நான் வாய்க்கொழுப்பில் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

குழந்தை பிழைத்தது. நாலாம் நாள் பேதி நின்றது. ரோஸி விடாமல் மார்பில் போட்டுப் போட்டுப் பார்த்ததில், மறுத்து மறுத்து அழுது, கடைசியில் ஏழாம் நாள் விடியற்காலை பிடித்துக்கொண்டது. பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்தப் பதினோரு நாளும் சவரியம்மா பலகையை விடவில்லை. என் கடைப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்க நான் இரண்டு முறை தெருவைக் கடக்கப் போய்ப் பாதியில் திரும்பிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் ரோஸி பலகைக்கு வந்தாள். குழந்தை வீட்டில்தான் இருந்தது. சரியாகப் பதினொரு மணிக்கு, கொளுத்துகிற வெயிலில், சவரியம்மா ஒரு காலை இழுத்து இழுத்துக்கொண்டு தெருமுனையில் வந்தார். மார்போடு அணைத்த துணிக்குள் ஜெனிட்டா. வரிசைக்கு நடுவே வந்து, குழந்தையை ரோஸியின் மடியில் போட்டுவிட்டு, அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ குடு. நான் யாவாரத்தப் பாத்துக்கறேன்."

அடுத்த பலகை கோவிந்தம்மா பதறிவிட்டாள். "இன்னாக்கா நீயே இப்பிடிப் பண்ற? காலையிலேர்ந்து வெயில்ல கீது அந்தப் பொண்ணு. மொதப் பாலப் பீச்சி வுட்டுட்டாவது குடுக்கச் சொல்லு!"

ரோஸியின் கை ஊக்கில் நின்றது. வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். நான் கத்தரியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

சவரியம்மா கோவிந்தம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருமகளைத்தான் பார்த்தார்.

"நாலு புள்ளைய மண்ணுல வெச்சவ சொல்றேன். ஒரு சொட்டு பீச்சாத. குடு."

ரோஸி ஊக்கைக் கழற்றினாள்.