கொத்தச் சொன்ன புதினா

வாடகை வீட்டுக் கொல்லையில் எலுமிச்சை வாசம் அடிக்கும் புதினாவை இன்று கிள்ளியதும், இப்போது கல்யாண மண்டபம் நிற்கும் இடத்தில் இருந்த அரிசி ஆலையும், அதன் பின்னால் கூலிக்காரர்களுக்கு விட்டிருந்த வரிசை வீடுகளும், துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டே இருந்த அவித்த நெல்லின் புளித்த வாடையும், அந்த வாடை சோற்றுத் தட்டையாவது அண்டக் கூடாது என்று குளித்த தண்ணீர் ஓடும் இடத்தில் அம்மா வளர்த்த இதே புதினாவும் நினைவில் எழுந்தன.

நெல் காயும் களத்துக்குள் செடி படர்கிறது என்று ஒருநாள் ஆலைக் கணக்கப்பிள்ளை மண்வெட்டியோடு வந்தார்.

"இன்னாம்மா இது, ஆலையா தோட்டமா? நானே கொத்திப் போடறேன் பாரு!"

"கொத்துங்க சார். நல்லா ஆழமா கொத்துங்க," என்று அம்மா ஒதுங்கி நின்றாள்.

அவர் துண்டு துண்டாக வெட்டி எறிந்த வேரெல்லாம் அடுத்த மழையில் துளிர்த்தது. வரிசையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் வாசலில் புதினா, அம்மியில் துவையல்.

ஆலையை இடித்தபோது ஒரு வேரை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்தேன். அதுதான் இது.

சற்றுமுன் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இங்க செடியெல்லாம் வைக்கக் கூடாதுங்க. எடுத்துடுங்க."

நான் மண்வெட்டியைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தேன்.