மெழுகில் பதிந்த பல்

அந்தத் தீவில் ஒரே ஒரு வீடு. அதில் குடியிருந்தவளை எல்லோரும் எலிக்காரி என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அவள் அங்கே ஒரு எலியைக்கூடப் பார்த்ததில்லை. தீவின் பறவைகளுக்காக எலி வராமல் பார்த்துக்கொள்ளத்தான் வனத்துறை ஆபீசில் அவளுக்குச் சம்பளமே. படகை விட்டு இறங்குகிறவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் பையைக் கவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். "பெரிய அதிகாரியோட ஷூவையே கழட்ட வச்சவ!" என்று படகோட்டியான அவள் கணவர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்குச் சிரிப்பு வராது. மேட்டு நிலம் முழுக்கப் பறவைப் பொந்துகள். ஆண்டில் பாதிக்கு மேல் கரையையே மிதிக்காமல் உலகத்தின் மறுகோடிக் கடல்வரை போய்வரும் பறவை, பழைய பொந்தையும் பழைய ஜோடியையும் தேடி வந்து ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு பொரித்தபின் பகலெல்லாம் பெற்றவர்கள் கடலில், குஞ்சு இருட்டுக்குள் தனியே. எலி என்றால் என்னவென்றே அந்தப் பறவைக்குத் தெரியாது. கடித்தாலும் ஓடாது, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

எலி இருந்தால் கொறித்துக் காட்டிக்கொடுக்கட்டும் என்று வேர்க்கடலை அரைத்துப் பூசிய மெழுகுக் கட்டைகளை ஆங்காங்கே வைத்திருந்தாள். அன்று காலை, வீட்டுக்குப் பின்னால் இருந்த கட்டையில் பல் தடம். கட்டையை எடுத்துக்கொண்டு கணவரிடம் ஓடினாள்.

"நண்டா இருக்கும், விடும்மா" என்றார் கணவர்.

"நண்டுக்கு ஏதுங்க இந்த மாதிரி பல்லு?"

சொல்லும்போதே அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன மாதம் தங்கை வந்திருந்தாள், ஆசையாக ஒரு பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கொண்டு. "கூடப் பொறந்தவ கொண்டாந்ததையும் உதறிப் பாப்பியா அக்கா?" என்று கண்ணைக் கசக்கினாள். அதிகாரிக்கு மசியாதவள் தங்கைக்கு மசிந்துவிட்டாள். இப்போது வீட்டுக்குள் ஓடிப்போய் அந்த மெத்தையைப் புரட்டினாள். மூலையில் ஓட்டை, உள்ளே பஞ்சைக் குடைந்து ஒரு காலிக் குழி. இத்தனை நாளும் அதன்மேல்தான் படுத்துத் தூங்கியிருக்கிறாள், பாவி.

"ஆபீசுக்குச் சொன்னா உன் வேலை போயிடும். முதல்ல பிடிப்போம்" என்றார் அவர். வீட்டைச் சுற்றிப் பொறி வைத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் கணவர் பொறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "மாட்டிக்கிச்சு! ஒத்தை எலி. இனி நிம்மதியா இரு."

அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி, எதற்கோ திருப்பிப் பார்த்தாள். வயிற்றில் வரிசையாகக் காம்புகள் வீங்கியிருந்தன. ஒன்றை அழுத்தினாள். பால் வந்தது.

"ஆபீசுக்குச் சொல்லிடுங்க. ஆளுங்க வரட்டும்" என்றாள்.

மேட்டுக்கு ஓடி, முதல் பொந்தருகே மண்டியிட்டுக் காதை வைத்தாள். உள்ளே கீச்சென்று ஒரு சின்னக் குரல். பறவைக் குஞ்சா, எலிக் குஞ்சா? அடுத்த பொந்துக்குத் தவழ்ந்தாள். அங்கேயும் அதே கீச்சு. அதற்கடுத்ததிலும்.