மஞ்சள் என்றால் மரவீடு

பேத்தியின் பள்ளிக்கூடத்தில் நவம்பர் மாதம் விளக்கு ஊர்வலம் வரும். அதற்கு முதல் வாரம் சூரிச்சில் மகளின் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை மேசை முழுக்க விளக்குக் கூடு ஒட்டுவதற்கான வர்ணக் கடதாசித் துண்டுகள், நடுவில் ஒரு கிண்ணம் நிறைய கிளைஸ்டர். இங்கே பசைக்கு அதுதான் பெயர்; பசை என்று சொன்னால் பேத்திக்கு விளங்காது. வழக்கமாகக் கடையில் தூள் வாங்கிக் கரைப்பார்கள். தூள் முடிந்துபோனதால் மகள் கோதுமை மாவைத் தண்ணீரில் காய்ச்சியிருந்தாள். நான் குனிந்து அதை மணந்து பார்த்தவன், அப்படியே நின்றுவிட்டேன்.

"அப்பா, பசிக்குதோ?" என்று மகள் கேட்டாள்.

பசிக்கவில்லை. நான் அப்போது அந்தச் சமையலறையில் இல்லை. வில் என்ற சின்ன ஸ்விஸ் நகரத்தில், ரயில் பாதைக்குப் பின்னால், இளவயதில் நான் வேலை செய்த ஹூபரின் பட்டறையில் நின்றேன்.

மாப்பசையோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தில் படிக்கிற காலத்தில் ரியூசன் வகுப்பு நோட்டீசுகளை மதில்களில் ஒட்டியிருக்கிறேன். காலையில் பார்த்தால் பாதியைக் காணோம், ஆடுகள் தின்றிருக்கும். எங்கள் பகுதி ஆடுகளுக்குப் பௌதிகவியல் வகுப்பு எத்தனை மணிக்கு என்பது மனப்பாடம். ஆனால் இந்தத் தகுதியைச் சொல்லியெல்லாம் ஹூபரிடம் வேலை எடுக்கவில்லை. அவருக்கு இடுப்பு வருத்தம், பாரம் தூக்க ஒரு ஆள் வேண்டும். எனக்கு அந்த வயதில் எதையும் தூக்க முடியும், எதையும் செய்யத் தெரியாது. பொருத்தம் சரியாக இருந்தது.

ஹூபர் புத்தகம் கட்டுபவர். நனைந்த, கிழிந்த, பூச்சி தின்ற பழைய கடதாசிகளைத் திருத்தியும் கொடுப்பார். அதிகம் கதைக்க மாட்டார். என் ஜெர்மனுக்கு அது வசதி. ஒரு நாளில் அவர் சொன்ன சொற்களையெல்லாம் சேர்த்தால் ஒரு தபாலட்டை நிறையாது. வேலை சரியாக இருந்தால் "குவெட்" என்பார், நல்லது என்று அர்த்தம். சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் தானே திரும்பச் செய்வார்.

ஒரு மாரி காலத்தில் வான் வண்டி ஒன்றில் பெரிய பெரிய புத்தகங்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் அலுமாரிக் கதவளவு. சூரிச்சில் ஒரு பழைய காப்புறுதி அலுவலகத்தின் நிலவறையில் தண்ணீர்க் குழாய் வெடித்து எல்லாம் ஊறிவிட்டன. தூக்கி வைத்துவிட்டு அட்டையைத் திறந்தேன். உள்ளே எழுத்துக் குறைவு, எல்லாம் வீடுகள். மேலே ஆகாயத்தில் இருந்து பார்த்ததுபோல் வரைந்து நிறம் தீட்டிய வீடுகள்.

அது கனடாவின் டொரொன்டோ நகரம் என்று ஹூபர் சொன்னார். குதிரை வண்டிக் காலத்து டொரொன்டோ. சூரிச்சில் மேசைக்கு முன்னால் இருக்கிற ஒருவர், கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு கடைக்குத் தீக் காப்புறுதி கொடுக்க வேண்டுமென்றால், அந்தக் கடை எப்படி எரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஆட்கள் தெருத் தெருவாக நடந்து ஒவ்வொரு கட்டடத்தையும் பார்த்து வரைந்திருக்கிறார்கள். ரோஸ் நிறம் என்றால் செங்கல். மஞ்சள் என்றால் மரம். நீலம் என்றால் கருங்கல். குதிரைலாயத்துக்கு ஒரு பெருக்கல் குறி, வைக்கோல் இருக்கிற இடம் அல்லவா. தெருவுக்குக் கீழே ஓடும் தண்ணீர்க் குழாய்கூட அதில் இருந்தது. மஞ்சள் உடம்புக்கு முன்பக்கம் மட்டும் மெல்லிய ரோஸ் கோடு போட்ட வீடுகளும் இருந்தன. முன்சுவர் செங்கல், மற்றதெல்லாம் மரம். கலியாண வீட்டுக்கு முகத்துக்கு மாத்திரம் பவுடர் போட்டுக்கொண்டு வருகிற எங்கள் ஆட்களைப் போல.

இந்த இடத்தில் குகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வில்லில் ஒரு வீட்டின் கூரையறையில் நானும் அவனும் ஒன்றாக இருந்தோம். இருவரும் அகதி விண்ணப்பம் போட்டவர்கள். அவனுடையதை மறுத்துவிட்டார்கள், என்னுடையது இழுபட்டுக்கொண்டிருந்தது. அந்த மாரிக்கு முந்திய இலையுதிர் காலத்தில் அவன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தான். எப்படிப் போனான் என்பது அவனுடைய கதை, அதை நான் சொல்வது முறையில்லை. போகும்போது "நீயும் வாவன்" என்றான். "என்ர முடிவு வரட்டும்" என்றேன். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

டொரொன்டோவில் அவன் இருந்தது உயரமான மாடிக் கட்டடம் ஒன்றில். வெல்லஸ்லித் தெருவும் பார்லிமென்ட் தெருவும் சந்திக்கிற இடத்துக்குப் பக்கம். நம் ஆட்கள் பலர் முதலில் போய் இறங்கிய இடம் அது. நனைந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பளித் துணியில் பரப்பிக்கொண்டு போகையில் பார்லிமென்ட் தெரு என்ற பெயரைக் கண்டேன். அன்று மதியச் சாப்பாட்டைத் தாளுக்குப் பக்கத்தில் நின்றே சாப்பிட்டேன். குகனின் மாடிக் கட்டடம் நிற்க வேண்டிய இடத்தில் நிரை நிரையாகச் சின்ன வீடுகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ரெலிபோன் கூண்டில் இருந்து அவனுக்கு எடுப்பேன். அங்கே காலை நேரம். அந்த வாரம் சிவம் அண்ணை எடுத்தார். அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து நாலைந்து பேரை வைத்திருந்த மனிதர்.

"தம்பி, உம்மட சிநேகிதன் கட்டிலால எழும்புறானில்லை," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போயிடுவம். அவனுக்கு இன்னும் வேலை செய்யிற பத்திரம் வரேல்லை. எழும்பினாலும் யன்னலடியில நிண்டு கீழயே பாத்துக்கொண்டு நிக்கிறான். மேல் மாடி, தம்பி. எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

போனைக் குகனிடம் கொடுத்தார். இப்படியான நேரத்தில் சொல்ல வேண்டிய நல்ல வார்த்தைகள் எல்லோருக்கும் பிறகுதான் ஞாபகம் வரும்.

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"வெளியில போறனியோ?"

"எங்க போறது?"

நான் வேறு கதை தெரியாமல் கேட்டேன். "குகன், நீ இருக்கிற இடத்தில முந்தி என்ன இருந்தது தெரியுமோ?"

"எனக்கென்னெண்டு தெரியும்?"

"வீடுகள். முன்பக்கம் செங்கல், பின்னுக்கு மரம். உன்ர யன்னலுக்கு நேர கீழ ஒரு குதிரைலாயம்."

நான் அடுத்த நாணயத்தைப் பெட்டியில் போட்டேன்.

"குதிரையோ?" என்றான்.

அவன் அங்கே போனபிறகு பதில் வேண்டி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பட்டறையில் வேறொரு பிரச்சினை தொடங்கியிருந்தது. நகரத்தில் ஒரு கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினால், அந்தக் காலத்தில் முழு வரைபடத்தையும் திரும்ப அச்சடிக்க மாட்டார்கள். புதுக் கட்டடத்தை ஒரு துண்டில் அச்சடித்து அனுப்புவார்கள், அதைப் பழையதுக்கு மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் பட்டதும் துண்டுகள் கழன்று மிதந்துவிட்டன. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் திரும்ப ஒட்ட வேண்டும். ஹூபரும் நானும் வாரக்கணக்கில் பொருத்திப் பார்த்து இடம் கண்டுபிடிப்போம், அவர் ஒட்டுவார். கடைசியில் ஒரு துண்டு மிஞ்சியது. தெரு மூலையில் ஒரு செங்கல் கட்டடம். மூலையைச் சரிவாக வெட்டி அங்கே வாசல் வைத்திருந்தது. பின்னால் ஒட்டினாற்போல் ஒரு மரக் கொட்டில். பார்லிமென்ட் தெருவில் இரண்டு மூலைகளுக்கு அது அச்சொட்டாகப் பொருந்தியது. இரண்டிலும் பழைய பசையின் தடம் இருந்தது; ஒன்றின் துண்டு தண்ணீரோடு போயிருக்க வேண்டும்.

ஹூபர் அதை இரண்டு மூலைகளிலும் மாறி மாறி வைத்துப் பார்த்தார். பிழையான மூலையில் ஒட்டினால் ஒருவருடைய கடையைத் தூக்கிக்கொண்டுபோய் வேறொருவருடைய காணியில் வைத்ததாகிவிடும் என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு என்னைப் பார்த்தார்; குகனைப் பற்றி அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். "உன் நண்பன் அங்கேதானே இருக்கிறான். எந்த மூலையில் இது நிற்கிறது என்று அவன் போய்ப் பார்ப்பானா?"

அடுத்த ஞாயிறு குகனிடம் கேட்டேன்.

"உனக்கு விசரோ?" என்றான். "வெளியில பனி கொட்டிக் கிடக்கு. என்னட்டச் சப்பாத்தும் இல்லை."

"சிவம் அண்ணையின்ர சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போ."

"அது எனக்குப் பெரிசு."

"உள்ளுக்கு ரெண்டு சோடி கால்மேஸ் போடு. குகன், அந்த மனிசன் துண்டை வைச்சுக்கொண்டு காத்துக்கொண்டு நிக்குது. எனக்கு வேற ஆரையும் அங்க தெரியாது."

அடுத்த முறை எடுத்தபோது அவன் போகவில்லை. அதற்கடுத்த முறை ஒரு மூலைக்கு மட்டும் போயிருந்தான். அங்கே கார்களுக்குப் பெற்றோல் அடிக்கிற எண்ணெய் செற் இருந்ததாம், மற்ற மூலைக்குப் போகுமுன் காது விறைத்துத் திரும்பிவிட்டானாம். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் காது விறைத்த கதையை அவ்வளவு விபரமாகச் சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது. ஹூபர் தினமும் காலையில் கோட்டைக் கழற்றுமுன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவர் துண்டைத் தடித்த புத்தகம் ஒன்றுக்குள் திரும்ப வைப்பார்.

பிறகு ஒரு ஞாயிறு, மணி ஒரு தரம் அடிக்குமுன்னமே குகன் போனை எடுத்துவிட்டான்.

"மற்ற மூலைதான்," என்றான். "மூலை வெட்டிக் கிடக்கு, வாசல் அதிலதான். இப்ப அது உடுப்புத் தோய்க்கிற கடை."

"செங்கலோ?"

"அதைத்தான் சொல்ல வாறன். மேல வெள்ளைப் பெயின்ற் அடிச்சிருக்கு. செங்கலோ மரமோ தெரியேல்லை. தட்டிப் பாத்தன். பிறகு கொட்டில் இருக்கோ எண்டு பின்னுக்குப் போனன். அங்க ஒரு மனிசி விளக்குமாத்தோட வந்தா."

"அடிச்சவவோ?"

"இல்லை. என்னத்துக்கு என்ர சுவரைத் தட்டுறாய் எண்டு கேட்டா. நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன், ஸ்விற்சர்லாந்தில ஒரு ஆள் உங்கட கடை செங்கலோ மரமோ எண்டு கேக்கிறார் எண்டு."

"அதுக்கு?"

"செங்கல் எண்டா. குளிருது, உள்ளுக்கு வா எண்டா."

இருவரும் சிரித்தோம். நான் கூண்டுக்குள் சிரிக்கிறதைப் பார்த்து வெளியே காத்து நின்ற ஒரு பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த மனிசி போர்த்துக்கல் நாட்டவர். மரியா என்று பெயர். புருஷன் செத்துக் கொஞ்சக் காலம், கடையைத் தனியே நடத்திக்கொண்டிருந்தார். கோப்பி கொடுத்து, கொட்டிலையும் திறந்து காட்டியிருக்கிறார். மரக் கொட்டில்தான், உள்ளே உடைந்த மெஷின்கள். குகன் வெளிக்கிடும்போது ஈர உடுப்பு மூட்டை ஒன்றை அவர் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தாராம். இவன் வாங்கித் தூக்கினான். அடுத்த நாளும் போனான். பத்திரம் வந்த பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான். அந்த மூலைக் கடையில் சேட்டு, சட்டைக்கு அயன் பிடித்துத்தான் அவன் தன் பெற்றோரைக் கனடாவுக்குக் கூப்பிட்டான், கலியாணம் செய்தான், இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தான்.

திங்கட்கிழமை நான் ஹூபரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். தூரிகையையும் வைத்தார். அதுவரை நான் தூக்கினேன், பரப்பினேன், பசை காய்ச்சினேன், அங்கே ஒரு துண்டும் ஒட்டியதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். அவர் விரல் நுனியால் ஓரங்களைத் தடவிப் பார்த்தார். "குவெட்," என்றார். அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரை என் பிழைப்பு கடதாசியோடுதான்.

பார்லிமென்ட் தெருவைச் சுற்றியிருந்த மற்ற வீடுகளையும் குகனைக் கொண்டு தேடுவித்தோம். எது நிற்கிறது, எது இல்லை என்று அவன் சொல்லச் சொல்ல ஹூபருக்கு நான் மொழிபெயர்ப்பேன். கனடாவைப் பார்க்காத இரண்டு பேர் டொரொன்டோவின் ஒரு துண்டு நிலத்தை வீடு வீடாக அறிந்திருந்தோம். ஹூபர் என்னை அங்கே போய்வரச் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னிடம் பயணப் பத்திரம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது சாம்பல் நிற அடுக்குமாடி. ரெலிபோன் கூண்டையும் கழற்றிவிட்டார்கள். அதே வரைபடங்களின் வேறொரு பிரதி இப்போது இணையத்தில் கிடக்கிறது, யாரும் பார்க்கலாம். மகள் ஒருநாள் திரையில் காட்டினாள். நிறங்கள் சரி, துண்டுகள் எல்லாம் இடத்தில் இருந்தன. விரலால் தடவினால் ஓரம் தட்டுப்படாது, அதுதான் வித்தியாசம்.

ஸ்விஸ் குடியுரிமையின் சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒருவழியாக டொரொன்டோ போனேன். குகன் இப்போது நகரத்துக்கு வெளியே பெரிய வீட்டில் இருக்கிறான். தலை முழுக்க நரை. ஒருநாள் என்னை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு வெல்லஸ்லித் தெருவுக்கு வந்தான். பழைய மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தோம்.

"அந்த யன்னலை ஒருநாள் திறந்தனான்," என்றான். "நீ கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை."

"பிறகு?"

"நீ ஞாயிற்றுக்கிழமை எடுப்பாய். சிவம் அண்ணை உனக்கு என்னெண்டு சொல்லுவார் எண்டு யோசிச்சன். பூட்டிப்போட்டன்."

அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால் போனேன்.

மூலைக்கு வந்தபோது கடை இல்லை. மரியா இறந்து, அவருடைய பிள்ளைகள் கடையை விற்று, பிறகு காணி கைமாறி, இப்போது முழுக்கக் கண்ணாடியில் ஒரு கோபுரம். குகனுக்கு அது தெரியும். ஆனாலும் காட்டுவதற்குக் கூட்டி வந்திருந்தான். இந்தப் பக்கம் வாசல், இந்தப் பக்கம் மெஷின், கொட்டில் அந்தத் தூணடியில் என்று காற்றில் கையை நீட்டிக் காட்டினான். நாங்கள் அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்து உள்ளே இருந்து காவல் உடுப்பில் ஒரு பெண் வந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"நான் இங்கே வேலை செய்தேன்," என்றான் குகன், ஆங்கிலத்தில்.

"எந்த மாடியில்?"

"இந்தக் கட்டடத்துக்கு முன்னம்."

அவர் யோசித்தார். "மன்னிக்க வேணும் சேர். இதற்கு முன்னம் இங்கே ஒன்றும் இருக்கவில்லை. வெறும் நிலம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள்."

குகன் அவருடைய முகத்தைப் பார்த்தான். திருத்தப் போகிறான் என்று நான் நினைத்தேன். அவன் தலையை ஆட்டி, நன்றி சொல்லி, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கார் நிறுத்திய பக்கமாக நடந்தான்.