அசை போடாத குதிரை

தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். மாடுகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மாசி மாதம், அந்தக் கர்வத்தோடுதான் வண்டிக்கென்று ஒரு பெண் குதிரையை வாங்கி வந்தார். காளைகளோடு கட்டினார். காளைகளுக்கு வைக்கும் தீனியையே அதற்கும் கொஞ்சங்கொஞ்சம் வைத்தார்.

ஒருநாள் காலையில், குதிரை இளைத்துவிட்டதென்று பரிதாபப்பட்டு, ஆட்டிய பருத்திக்கொட்டையில் கம்பைக் கலந்து தொட்டி நிறைய வைத்துவிட்டார். மத்தியானத்துக்குள் அதற்கு வியர்த்துக் கொட்டியது. காலால் தரையைப் பறித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. பிறகு தொப்பென்று விழுந்து புரண்டது. அத்தனை பெரிய உயிர் அப்படித் துடித்து நான் பார்த்ததில்லை.

"வயிறு உப்புசந்தான் அம்மணி. ஒருக்கா அசை போட்டுதுன்னா பொழைச்சுக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

மாட்டு டாக்டரைக் கூட்டிவரப் பண்ணையத்து ஆளை அனுப்பிவிட்டு, குதிரையின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். வாய் அசையவில்லை. நான் வேண்டாத சாமி இல்லை. வெயில் சாய்ந்ததும் அவர் பொறுமையிழந்து கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். வயிறு உப்பிய காளைக்கு இடது விலாவுக்குப் பின்னால் குத்தி, காற்றைத் திறந்துவிடுவார். அப்படிப் பிழைத்த காளைகள் எங்களிடமே இருந்தன. குத்தும்போது அவருக்குக் கை நடுங்காது. அன்று எனக்கு அந்த நடுங்காத கையைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

அவர் குதிரையின் வயிற்றைத் தடவி இடம் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் சாணி வழிக்கிறவள் நான். காளைகள் படுத்து அசை போடும்போது இது சும்மா நின்றுகொண்டிருக்குமே!

"ஏனுங்க, நில்லுங்க! நல்லா இருந்தப்பவே இது அசை போட்டு நான் பாத்ததில்லீங்க. நீங்க பாத்திருக்கறீங்களா?"

கத்தி அப்படியே நின்றது. அவரும் பார்த்ததில்லை.

"அப்ப இது வயிறே வேறயாட்ட இருக்குதுங்க. குத்திப்போடாதீங்க!"

உனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் குத்தவில்லை.

டாக்டர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மருந்து கொடுத்து, குதிரையை எழுப்பி மெல்ல நடக்க விட்டார். கத்தியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மாட்டுக்கு வயித்துல நாலு அறைங்க. தின்னதெல்லாம் மொத அறையில கெடந்து ஊறும். காத்து சேர்றதும் அங்கதான். குதிரைக்கு ஒரே வயிறு, அதும் சின்னது. நெறைஞ்சுபோனா வாந்தி எடுக்கக்கூட அதுக்கு வராதுங்க. நீங்க குத்தியிருந்தா குடல்ல போயிருக்கும்."

விளக்கு வைக்கிற நேரத்தில் குதிரை லத்தி போட்டது. இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் நான் வாய்விட்டு அழுதேன்.

என் வீட்டுக்காரர் கத்தியைக் கூரையில் செருகப் போனார். கை அப்படி நடுங்கியது. செருக வராமல் கத்தி கீழே விழுந்தது. நான்தான் எடுத்துச் செருகினேன்.